பழைய கரை இருந்த இடம்

கோயம்புத்தூருக்குக் கிழக்கே, சூலூரைத் தாண்டிய கரிசல் பூமியில் எங்கள் வீடு இருக்கிறது. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்து, மழைக்காலத்தில் ஊறி உப்பிக்கொள்ளும் இந்த மண்ணில், புழக்கடையில் முதலில் கட்டிய சிமென்ட் தொட்டி இரண்டே ஆண்டுகளில் மூலைக்கு மூலை விரிந்துவிட்டது. அதன் பிறகுதான் பண்ணைக்குட்டைகளுக்கு விரிக்கும் கறுப்பு ஷீட்டை வாங்கி, 3 மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு சிறு குளம் அமைத்தோம். சென்னை கொளத்தூரிலிருந்து ஆக்சிஜன் நிரப்பிய பைகளில் 9 தங்கமீன்கள் வந்து சேர்ந்தன. ஆகாயத்தாமரையின் வேர்களில் அவை முட்டையிட்டு, தாமே தின்றது போக மீந்தவை பொரித்து, ஆறாம் ஆண்டில் எண்ணிக்கை 31 ஆகியிருந்தது.

அந்த ஆண்டு ஏப்ரலில் ஒரு நாள் விடியற்காலையில் குளத்தருகே சென்றபோது, மீன்கள் அனைத்தும் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்தபடி நின்றுகொண்டிருந்தன. பசியில் வரும் மீன் நம்மைக் கண்டதும் நம் பக்கம் திரும்பும். இவை திரும்பவில்லை. மூச்சுக்காக நிற்கும் மீனுக்கும் தீனிக்காக நிற்கும் மீனுக்கும் உள்ள வேறுபாட்டை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். முந்தைய நாள் பிற்பகலில் நீரின் வெப்பம் 34 டிகிரி இருந்தது. 20 டிகிரி வெப்பமுள்ள நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ள முடியுமென்றால், 34 டிகிரியில் அது 7 மில்லிகிராம் அளவுக்குத்தான் முடியும். அந்தக் குறைந்த அளவிலிருந்தும் இரவு முழுவதும் பாசியும் செடிகளும் மீன்களோடு சேர்ந்து எடுத்துக்கொண்டே இருப்பதால், பொழுது விடிவதற்குச் சற்று முன்புதான் நீரில் ஆக்சிஜன் மிகவும் குறைந்திருக்கும். காற்று மோட்டாரை வாங்கி வைத்து அந்தக் கோடையைக் கடத்தினோம். ஆனால் 60 சென்டிமீட்டர் ஆழமுள்ள நீர் நம் ஊர் வெயிலில் அடிவரை சூடேறிவிடும் என்பதும், மீன்கள் இறங்கி ஒதுங்க ஓர் ஆழம் வேண்டும் என்பதும் அன்றைக்கே முடிவாகிவிட்டன. குளத்தைக் கிழக்குப் பக்கமாக இன்னொரு 3 மீட்டர் நீட்டுவது, நீட்டும் பகுதியை 1.1 மீட்டர் ஆழத்துக்கு எடுப்பது என்று தீர்மானித்தோம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இடமும் பணமும் இடம் கொடுத்தால், பழைய ஷீட்டை முழுவதும் எடுத்துவிட்டு, புதிய குளம் முழுமைக்கும் ஒரே ஷீட்டாக விரிப்பதே மிக நல்ல வழி. ஒட்டே இல்லாத ஷீட்டில் ஒட்டு பிரியாது. எங்கள் குளத்தின் மேற்குப் பகுதியில் கடப்பாக் கல் பதித்த விளிம்பு வீட்டுச் சுவரோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது, அதை உடைத்தால் துணி துவைக்கும் மேடையும் சேர்ந்து போய்விடும். நீருக்கடியில் இருந்த ஷீட்டும் புதிது போலவே வளைந்து கொடுத்தது. ஆகவே பழையதோடு புதியதை ஒட்டுவது என்ற வழியைத் தெரிந்தே தேர்ந்தெடுத்தேன். தெரியாமல் செய்த பிழைகள் அதற்குப் பிறகு வந்தவை.

தை மாதத்தில் மீன்களை 1,000 லிட்டர் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிக்கு மாற்றி, வலை கட்டி, முருங்கை மரத்தடியில் வைத்துவிட்டுக் கிழக்குக் கரையை வெட்டினோம். புதிய ஷீட்டைப் பழைய ஷீட்டின் மேல் ஒரு சாண் அளவுக்கு ஏற்றிப் போட்டு, இடையில் இருபக்கமும் ஒட்டும் நாடாவை வைத்து, விளிம்பு நெடுகக் கண்ணாடித் தொட்டிகளுக்குப் பூசும் சிலிக்கோனைத் தாராளமாகப் பூசினேன். இரண்டு நாள் காயவிட்டு நீர் நிரப்பியபோது எல்லாம் சரியாகவே இருந்தது. நான்காம் நாளிலிருந்து நீர் இறங்கத் தொடங்கியது.

குளத்து நீர் குறைந்தால் உடனே ஒழுகுகிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது, ஏனென்றால் வெயிலும் காற்றும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டே இருக்கின்றன. இதைப் பிரித்தறிய எளிய வழி ஒரு வாளிதான். வாளியில் நீர் நிரப்பி, குளத்துக்குள்ளேயே ஒரு கல்லின் மேல் பாதி மூழ்கும்படி வைத்து, வாளிக்குள் இருக்கும் நீர்மட்டத்தையும் வெளியே குளத்தின் நீர்மட்டத்தையும் குறித்துவிட வேண்டும். ஒரே வெயில், ஒரே காற்று, ஏறத்தாழ ஒரே வெப்பம் என்பதால், 24 மணி நேரம் கழித்து இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் குளம் ஒழுகவில்லை. எங்கள் வாளியில் 6 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. குளத்தில் 20 மில்லிமீட்டர். பரப்பு 15 சதுர மீட்டர் என்பதால், மிகுதியான 14 மில்லிமீட்டர் என்பது நாளொன்றுக்கு 210 லிட்டர். ஒரு குடும்பத்துக்கு ஒரு நாளைக்குத் தேவையான நீர் ஒவ்வொரு நாளும் மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது.

நீரை இறைத்துவிட்டு ஒட்டைப் பார்த்தேன். சிலிக்கோன் கெட்டுப் போயிருக்கவில்லை, வெடிக்கவும் இல்லை. ஒரு முனையைப் பிடித்து இழுத்ததும், வாழைநாரை உரிப்பதுபோல் முழு நீளத்துக்கும் உரிந்து கையோடு வந்துவிட்டது. அதன் அடியில் இருந்த ஷீட் எண்ணெய் துடைத்த தட்டுப்போல் வழவழவென்று இருந்தது. அருகில் நின்ற அம்மா அதை எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்கள்: "ஏங்கண்ணு, பிளாஸ்டிக் குடம் ஓட்டையானா பசை போட்டா ஒட்டுவாங்க? கம்பியக் காச்சித்தான வெப்பாங்க?"

அந்தக் கேள்விக்குள் முழு விடையும் இருந்தது. தெருவில் கூவிக்கொண்டு வந்து குடத்தையும் வாளியையும் சரிசெய்து தருபவர்கள் எப்போதும் ஒரு பழைய குடத்தின் துண்டை வைத்து, காய்ச்சிய இரும்பால் இரண்டையும் உருக்கித்தான் ஓட்டையை அடைப்பார்கள். பண்ணைக்குட்டை ஷீட்டும் அந்த இனத்தைச் சேர்ந்த பாலித்தீன்தான். இந்தப் பொருளின் மேற்பரப்பு பசையையும் பெயின்ட்டையும் பிடித்துக்கொள்ளாது, அவை பரவி ஊறவே விடாது. அது உருகும், உருகிய நிலையில் தன் இனத்தோடு மட்டும் ஒன்றாகும். ஆகவே ஒட்டுவதற்கு என்ன வாங்குவது என்று கடையில் கேட்பதற்கு முன்னால், கையில் இருக்கும் ஷீட் எது என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை. ஒரு சிறு துண்டை வெட்டி, நீருக்குள் அமிழ்த்தி, காற்றுக் குமிழ்களைத் துடைத்துவிட்டுக் கையை விட்டால், பாலித்தீன் மேலே வந்து மிதக்கும், பிவிசியும் ரப்பர் ஷீட்டும் அடியில் போய்விடும். பிவிசிக்குக் குழாய்ப் பசையின் இனத்தைச் சேர்ந்த கரைப்பான் பசை உண்டு, சூட்டிலும் ஒட்டும். வெளிநாடுகளில் வீட்டுக் குளங்களுக்கு மிகுதியாக விரிக்கப்படும் ஈபிடிஎம் ரப்பர் ஷீட் இதற்கு நேர் எதிரானது. அது ஒருமுறை பதப்பட்ட பிறகு உருகவே உருகாது. அதைச் சுத்தம் செய்து, பசை பிடிக்க உதவும் பிரைமர் பூசி, அதற்கென்றே உள்ள பிசின் நாடாவை இடையில் வைத்து, உருளையால் அழுத்தித்தான் ஒட்ட வேண்டும். நான் பார்த்துப் பழகிய செய்முறைகள் அந்த ரப்பருக்கு உரியவை. என் குளத்தில் இருந்ததோ 500 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள எச்டிபிஈ என்ற அடர்த்தி மிகுந்த பாலித்தீன்.

பல்லடம் பக்கத்தில் பண்ணைக்குட்டைகளுக்கு ஷீட் வெல்டிங் செய்யும் இரண்டு இளைஞர்களை அழைத்து வந்தேன். அவர்களில் மூத்தவர் ஒட்டைப் பார்க்கவே இல்லை. ஒட்டின் அடியில் கையை வைத்து அழுத்திப் பார்த்தார். ஷீட் உள்ளே போயிற்று. "ஷீட்ட நாங்க ஒட்டிருவோமுங்ண்ணா. அடியில மண்ணு எறங்குச்சுன்னா ஒட்டு என்னங்ண்ணா பண்ணும்?" என்றார்.

நான் ஒட்டு வைத்திருந்த இடம் பழைய கிழக்குக் கரை இருந்த இடத்துக்கு நேர் மேலே. அங்கேதான் இரண்டு ஷீட்டுகளும் இயல்பாகச் சந்தித்தன என்பதால் அதைப் பற்றி இரண்டாம் முறை யோசிக்கவில்லை. ஆனால் அந்தக் கோட்டுக்கு மேற்கே இருப்பது ஆறு ஆண்டுகளாக நீரின் எடையில் அமர்ந்து இறுகிய தரை. கிழக்கே இருப்பது வெட்டும்போது சரிந்து, மட்டம் செய்வதற்காக நான் மண்வெட்டியால் அள்ளிப் போட்டு மிதித்த மண். நீர் ஏறியதும் புதிய மண் இறங்கும், பழைய தரை இறங்காது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஷீட் தொட்டில்போல் தொங்கும். ஒரு மீட்டர் ஆழ நீரின் அழுத்தம் காற்றழுத்தத்தில் பத்தில் ஒரு பங்குதான், தரையோடு ஒட்டிப் படுத்திருக்கும் ஷீட்டுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அடியில் வெற்றிடம் இருந்தால், ஒரு சதுர மீட்டருக்கு ஒரு டன் என்ற அந்தச் சுமை முழுவதையும் ஷீட்டே இழுவையாகத் தாங்க வேண்டியிருக்கிறது. அந்த இழுவை நேராக ஒட்டில் போய் நிற்கிறது. சிலிக்கோனுக்குப் பதில் முதலிலேயே சூட்டு ஒட்டுப் போட்டிருந்தாலும், அந்த இடத்தில் அது ஓரிரு மழைக்காலத்துக்கு மேல் நின்றிருக்காது. மண்ணில் ஒரு மூட்டு இருக்கிறது, ஷீட்டில் ஒரு மூட்டு இருக்கிறது, இரண்டும் ஒரே கோட்டில் வரக் கூடாது. குளத்தை நீட்டும் எவருக்கும் நான் முதலில் சொல்ல விரும்புவது இதுதான்.

வேலையை மண்ணிலிருந்து மறுபடி தொடங்கினோம். நான் அள்ளிப் போட்டிருந்த கரிசலை முழுவதும் வாரி எடுத்துவிட்டு, ஊறினாலும் உப்பாத செம்மண் கிராவலை, 10 சென்டிமீட்டருக்கு ஒரு படுகையாகப் போட்டு, நீர் தெளித்து, திமிசுக் கட்டையால் அடித்து இறுக்கினோம். குதிகாலை ஊன்றித் திருகினால் தடம் விழாத வரை அடுத்த படுகை போடவில்லை. பழைய தரைக்கும் புதிய ஆழத்துக்கும் இடையில் இருந்த அரை மீட்டர் இறக்கத்தைச் செங்குத்தாக விடாமல் சரிவாக இழைத்தோம். கோரைக் கிழங்குகளைப் பொறுக்கி எடுக்க மட்டும் இரண்டு நாள் ஆயிற்று. கோரையின் முளை ஊசிபோல் கிளம்பி மூடாக்கு ஷீட்டைத் துளைத்துக்கொண்டு வருவதைக் காய்கறித் தோட்டங்களில் பார்த்தவர்கள் இந்த வேலையை அலட்சியம் செய்ய மாட்டார்கள். பெருச்சாளி வளை ஒன்று தென்பட்டது, அதைக் கல்லும் கிராவலும் போட்டு அடைத்தோம். அதன் மேல் சலித்த மணல் 5 சென்டிமீட்டர், மணலின் மேல் பழைய பிளக்ஸ் பேனர்கள் இரண்டு மடிப்பு. விழா முடிந்த பிறகு வீணாகும் பேனர் ஷீட்டுக்கு மெத்தையாக இருக்க மிகவும் ஏற்றது.

இன்னொரு குறையையும் அப்போதே தீர்த்துக்கொண்டோம். வடகிழக்குப் பருவமழையில் கரிசல் மண் நீரைக் குடித்து நிற்கும்போது, குளத்தின் ஷீட் நடுவில் பூரிபோல் உப்பி மேலே எழுவதை இரண்டு நவம்பர்களில் கண்டிருந்தேன். வெளியே மண்ணில் நிற்கும் நீரின் மட்டம் குளத்து நீரைவிட உயர்ந்தால் ஷீட்டை அடியிலிருந்து தூக்கத்தான் செய்யும், அந்தத் தூக்கலும் ஒட்டை வருத்தும். ஆகவே புதிய பகுதியின் அடியில் ஒரு சாண் அகலத்துக்கு வாய்க்கால் எடுத்து, துளையிட்ட பிவிசி குழாயை ஜல்லிக்குள் பதித்து, தோட்டத்தின் தாழ்ந்த மூலையில் தோண்டிய உறிஞ்சுகுழிக்குக் கொண்டுபோய் விட்டோம்.

ஷீட்டின் அளவைக் கணக்கிடும் முறை எளியது. நீளத்தோடு ஒவ்வொரு பக்கத்து ஆழத்தையும், கரையில் புதைக்க அரை மீட்டரையும் கூட்ட வேண்டும். அகலத்துக்கும் அவ்வாறே. எங்களுக்கு அகலவாக்கில் இரண்டரை மீட்டர், இரு பக்க ஆழம் 2.2, இரு பக்கக் கரை 1, ஆக 5.7 மீட்டர். நீளவாக்கில் பழைய தரைக்குள் ஏற வேண்டிய அளவையும் சேர்த்து 6 மீட்டருக்குள் அடங்கியது. 6 மீட்டர் சதுர ஷீட்டின் எடை ஏறக்குறைய 17 கிலோ. ஒட்டின் இடத்தைப் பழைய கரையிலிருந்து அரை மீட்டர் மேற்கே, இறுகிய பழைய தரையின் நடுவில் குறித்தோம். அங்கே அது தரையில் படுத்து, இரு பக்கச் சரிவுகளிலும் நேராக மேலேறும். சரிவில் ஒட்டு மேலிருந்து கீழாக ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் ஷீட்டின் எடையே அதைப் பிரிக்கப் பார்க்கும் என்பது குட்டை ஷீட் போடுபவர்கள் அனைவரும் பின்பற்றும் முறை.

வெல்டிங்குக்குக் காலை 9 மணிக்குத்தான் தொடங்கினார்கள். பனி ஈரம் இருந்தால் ஒட்டுக்குள் ஆவி புகுந்து குமிழ் விழும், உச்சிவெயிலிலோ ஷீட் விரிந்து அலை அலையாக எழும். இந்தப் பொருள் சூட்டுக்கு மிகவும் நீளும். 30 டிகிரி வேறுபாட்டில் 10 மீட்டர் ஷீட் நாலைந்து சென்டிமீட்டர் நீளும், இரவில் அதே அளவு சுருங்கும். இழுத்து விறைப்பாக விரித்தால் இரவில் மூலைகளில் தரையை விட்டு எழுந்துவிடும் என்பதால், சரிவின் அடிவாரத்தில் சற்றுத் தொய்வு விட்டே விரித்தார்கள். பழைய ஷீட்டில் வெயில் பட்டு வெளுத்த மேல் விளிம்பை வெட்டி எறிந்தார்கள். ஒட்டு வரும் பட்டையைச் சோப்பு நீரால் கழுவித் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, ஆறு ஆண்டுகளில் ஏறியிருந்த மேல்தோலை எடுத்தார்கள். ஓட்டுக் கூரையில் மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் படிவதுபோல், உயரத்தில் இருக்கும் பழைய ஷீட்டை மேலேயும் பள்ளத்துக்குப் போகும் புதிய ஷீட்டை அடியிலும் வைத்து, ஒரு சாணுக்குக் குறையாமல் ஏற்றினார்கள்.

பெரிய குட்டைகளில் ஓட்டும் ஆப்பு இயந்திரம் சூடேறிய ஆப்பை இரு ஷீட்டுகளுக்கு நடுவில் நுழைத்துக்கொண்டு தானே நகரும், இணையான இரண்டு தடங்களையும் அவற்றுக்கு நடுவில் ஒரு காற்றுக் குழலையும் விட்டுச் செல்லும். அந்தக் குழலின் இரு முனைகளையும் அடைத்து, ஊசி வழியாகக் காற்றடித்து, அழுத்தம் இறங்காமல் நிற்கிறதா என்று பார்ப்பது வழக்கம். எங்கள் குளம் அதற்குச் சிறியது, அந்த இயந்திரம் திரும்ப இடமில்லை. ஆகவே கையடக்கச் சூட்டுக்காற்றுக் கருவியின் மூக்கை இரு ஷீட்டுகளுக்கு நடுவில் வைத்து, பின்னாலேயே ரப்பர் உருளையால் அழுத்திக்கொண்டு போனார்கள். பிறகு மேல் ஷீட்டின் விளிம்பு நெடுக, அதே பாலித்தீன் கம்பியை உருக்கி வார்க்கும் துப்பாக்கியால் ஒரு விரல் தடிமனுக்கு வரப்புப் போட்டார்கள்.

ஆனால் குளத்தில் கை வைப்பதற்கு முன் அவர்கள் செய்த ஒன்று என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. பழைய ஷீட்டில் வெட்டிய ஒரு துண்டையும் புதிய ஷீட்டின் ஒரு துண்டையும் ஒட்டி, ஆறவிட்டு, இருவரும் எதிரெதிராக நின்று உரித்தார்கள். முதல் துண்டு ஒட்டிலேயே பிரிந்தது. சூட்டைக் கூட்டி மறுபடி ஒட்டினார்கள். மூன்றாவது துண்டில் ஒட்டு நின்றது, அதன் ஓரத்தில் இருந்த ஷீட் நீண்டு வெளுத்துக் கிழிந்தது. ஷீட் கிழிய வேண்டும், ஒட்டு பிரியக் கூடாது. அந்தச் சூட்டையும் வேகத்தையும் பிடித்துக்கொண்ட பிறகுதான் குளத்துக்குள் இறங்கினார்கள். நான் தை மாதத்தில் சிலிக்கோனைப் பூசுவதற்கு முன் இரண்டு துண்டுகளில் இப்படி ஒரு சோதனை செய்திருந்தால், பத்து நிமிடத்தில் உண்மை தெரிந்திருக்கும்.

ஒட்டு ஆறிய பின் மழுங்கிய திருப்புளியின் முனையை வரப்பின் ஓரம் நெடுகச் சாய்த்து ஓட்டிப் பார்த்தோம். தெற்குச் சரிவில் வரப்பு வளையும் இடத்தில் முனை ஒரு நெல்மணி அளவுக்கு உள்ளே போயிற்று. அந்த இடத்தை மறுபடி தேய்த்து மேலே ஒரு துண்டு வார்த்தார்கள். கரையில் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி ஷீட்டின் விளிம்பை அதற்குள் மடித்துப் புதைத்தோம், ஆனால் விளிம்பு குளத்தை ஒட்டிய இடத்தில் தரைமட்டத்துக்கு மேல் நான்கு விரல் உயர்ந்து நிற்கும்படி கல் அடுக்கினோம். அந்த உயரம் இல்லாவிட்டால் மழைநீர் தோட்டத்து எருவை அடித்துக்கொண்டு உள்ளே வரும். கரை மண் நீரைத் தொட்டுக்கொண்டிருந்தால், விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல் குளத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், நாமோ ஒட்டில் ஓட்டை தேடிக்கொண்டிருப்போம்.

நீரை ஒரே நாளில் நிரப்பவில்லை. ஒரு முழம் ஏற்றி, மடிப்புகளைக் கையால் நீவிச் சரிசெய்து, ஓர் இரவு விட்டு, அடுத்த முழம் ஏற்றினோம். குளோரின் கலந்த குழாய் நீருக்கு, குளோரினை நீக்கும் ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) கரைத்து விட்டோம். மொத்தம் ஏறத்தாழ 10,000 லிட்டர். மீண்டும் வாளியைக் கல்லின் மேல் வைத்தேன். மூன்று நாள் முடிவில் வாளியில் 19 மில்லிமீட்டர், குளத்தில் 19 மில்லிமீட்டர்.

மீன்கள் அந்தக் கறுப்புத் தொட்டியில் மொத்தம் 23 நாட்கள் இருந்தன. இரண்டு நாளுக்கு ஒருமுறை மட்டும் தீனி, நாள்தோறும் மூன்றில் ஒரு பங்கு நீர் மாற்றம், நிற்காத காற்று மோட்டார், மின்தடைக்கு பேட்டரி. பழைய வடிகட்டியின் பஞ்சைக் கழுவாமல் அந்தத் தொட்டியிலேயே ஓடவிட்டிருந்தோம், ஏனென்றால் மீன்கள் வெளிவிடும் அம்மோனியாவைத் தீங்கற்றதாக்கும் நுண்ணுயிர்கள் அந்தப் பஞ்சில்தான் குடியிருக்கின்றன. புதிய குளத்துக்கு அந்தப் பஞ்சையும் தொட்டி நீரில் பாதியையும் கொண்டுசென்ற பிறகே மீன்களை விட்டோம், ஒரு மாதத்துக்குத் தீனியைப் பாதியாகவே வைத்தோம். ஒன்றுகூடச் சாகவில்லை.

அந்த ஐப்பசியில் அடைமழை பெய்தபோது உறிஞ்சுகுழி இரண்டு முறை நிரம்பி வழிந்தது. ஷீட் தரையை விட்டு எழவில்லை. இந்த ஏப்ரலில் ஒரு பிற்பகல் வெப்பமானியை நூலில் கட்டி இறக்கிப் பார்த்தேன். மேல்மட்டத்தில் 33 டிகிரி, கிழக்குப் பள்ளத்தின் அடியில் 29. வெயில் ஏறியதும் மீன்கள் மேற்குப் பகுதியிலிருந்து ஒவ்வொன்றாகக் கிளம்பி, தரையில் பாசி படிந்து பச்சையாகிவிட்ட அந்த வரப்பைத் தாண்டி, சரிவு வழியாக ஆழத்துக்கு இறங்கின. 31 வந்தனவா என்று எண்ணிப் பார்த்தேன், 34 இருந்தன.